ஏரோஜெல்: லேசாக இருப்பது அதன் உண்மையான திறமை இல்லை

பாறசாலையிலிருந்து ஒரு ப்ளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், உலகத்திலேயே எடை குறைந்த திடப்பொருள் ஏரோஜெல்தான் என்கிறார்கள். பூவின் மேல் வைத்தாலும் பூ வளையாத மாதிரி ஒரு படம் பார்த்தேன். விண்வெளியில் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? எடை குறைவு என்பதாலா? நம் திருவனந்தபுரத்திலேயே அதைச் செய்திருக்கிறார்களாமே, உண்மையா? ஸ்கூல் லேபில் செய்து பார்க்கலாமா?"

திருவனந்தபுரம் விஷயம் உண்மைதான். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சிலிக்கா ஏரோஜெல் செய்திருக்கிறார்கள். 2018இல் பத்திரிகைகளில் வந்தது. நீலக் காற்று, உறைந்த புகை என்று பட்டப்பெயர் எல்லாம் வைத்து எழுதினார்கள். சியாச்சின் போன்ற இடங்களில் நிற்கும் படைவீரர்களின் உடுப்புக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் வைத்தால் குளிர் தாங்கும் என்பதும் அதில் இருந்தது. காலை ரயிலில் நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை என்று ஏறி அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். தம்பி, உங்கள் தெருவிலேயே விவரம் தெரிந்தவர் யாராவது இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

எடை குறைவு என்பதாலா என்ற கேள்விதான் முக்கியமானது. ஏனென்றால் அந்தப் பூப் படத்தைப் பார்க்கிற எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஏரோஜெல் என்பது, ஜெல்லியிலிருந்து திரவத்தை மட்டும் எடுத்துவிட்டு, அதன் வலையும் வலையின் துளைகளில் காற்றும் மிஞ்சி நிற்கிற திடப்பொருள். முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி செய்த ஒரு சிலிக்கா ஏரோஜெல், கன சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம்தான் இருந்தது. 2002இல் கின்னஸ் புத்தகம் அதை அடர்த்தி மிகக் குறைந்த திடப்பொருள் என்று ஏற்றுக்கொண்டது. காற்றே கன சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிகிராம் இருக்கும். அந்தச் சாதனையும் நிலைக்கவில்லை. 2013இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் கிராஃபீன் என்ற கார்பன் வடிவத்தை வைத்து 0.16 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காற்றைவிட லேசு என்றால் பறந்து போகாதா என்று கேட்பீர்கள். போகாது. துளைகளுக்குள் இருக்கும் காற்றைச் சேர்க்காமல் சொல்கிற எண் அது.

இதெல்லாம் சாதனைக்காகச் செய்தவை. இன்று கடையில் விலைக்குக் கிடைக்கும் ஏரோஜெல் போர்வை, அதாவது நார்களுக்கு இடையே ஏரோஜெல்லை நிரப்பிச் சுருட்டி விற்கிறார்களே, அது கன மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ வரை வரும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றி வருகிற தெர்மோகோல் பெட்டி இருக்கிறதல்லவா, அந்தத் தெர்மோகோல் 20 கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆக, வேலைக்கு வருகிற ஏரோஜெல் சாதாரணத் தெர்மோகோலைவிடப் பல மடங்கு கனம்! எடைதான் ஒரே காரணம் என்றால் விண்வெளிக்குத் தெர்மோகோலையே அனுப்பியிருப்பார்கள்.

விண்வெளியில் ஒவ்வொரு கிராமுக்கும் விலை உண்டு, எடை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏரோஜெல்லின் சாமர்த்தியம் அதன் துளைகளின் அளவில் இருக்கிறது. லேசாக இருப்பது அந்தத் துளைகள் வழியே தானாக வந்து சேர்ந்த குணம்.

அந்தத் துளைகள் எப்படி வருகின்றன? உங்கள் பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற வீடு இல்லாத தெருவே இருக்காது. ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு வைத்தால் காலையில் அது கட்டியாக உறைந்து கிடக்கும். தொட்டால் திடப்பொருள், ஆனால் உள்ளே பெரும்பகுதி தண்ணீர். அதை ரோலரில் விட்டு நெருக்கித் தண்ணீரை வெளியேற்றி, ஷீட்டாக்கிப் புகைப்புரையில் காயப்போடுகிறோம். சிலிக்காவிலும் முதல் பாதி இதேதான். சோடியம் சிலிக்கேட் கரைசலில் அமிலம் விட்டால் சிலிக்காத் துணுக்குகள் ஒன்றையொன்று கைகோத்து வலையாகி, திரவத்தை உள்ளே பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். இரண்டாம் பாதிதான் நேர் எதிர். நெருக்காமல், சுருங்கவிடாமல், வலை நின்ற இடத்தில் நிற்க, உள்ளே இருக்கும் திரவத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

சும்மா வெயிலில் வைத்தால் சுருங்கிவிடும். காரணம் பரப்பு இழுவிசை. உங்கள் பாடப்புத்தகத்தில் நுண்குழாய் ஏற்றம் என்று ஒன்று வருகிறதே, அதே விசைதான். துளை எவ்வளவு சின்னதோ, ஆவியாகும் திரவத்தின் விளிம்பு சுவர்களை அவ்வளவு பலமாக உள்நோக்கி இழுக்கும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் காயும்போது அந்த இழுப்பு 140 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 2, 3 நானோமீட்டர் கனமுள்ள சிலிக்காச் சுவர் அதற்கு எப்படித் தாங்கும்? நொறுங்கி, சுருங்கி, கண்ணாடி மணி மாதிரி கடினமாகிவிடும். அந்த மணியையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். புது ஷூ பெட்டிக்குள் குட்டிப் பொட்டலமாகக் கிடக்கும், சாப்பிடாதே என்று எழுதியிருக்கும். சிலிக்கா ஜெல். ஏரோஜெல்லும் அதுவும் ஒரே பொருள்தான், காய்ந்த விதம்தான் வேறு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சாமுவேல் ஸ்டீபன்ஸ் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1931இல் நேச்சர் இதழில் எழுதினார். ஜெல்லியிலிருந்து திரவத்தை எடுத்துவிட்டு ஜெல்லியின் வடிவத்தைக் காப்பாற்ற முடியுமா என்று நண்பரோடு பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. பந்தயம் இருந்ததோ இல்லையோ, வழி அழகானது. திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே விளிம்பு இருப்பதால்தானே இழுப்பு? அந்த விளிம்பே இல்லாத நிலைக்குக் கொண்டுபோய்விட்டால்? ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலையும் அழுத்தமும் உண்டு. அதைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பேதமே போய்விடும். ஜெல்லை மூடிய கலனில் வைத்துச் சூடாக்கி அந்த எல்லையைத் தாண்டி, அப்புறம் மெதுவாக அழுத்தத்தைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது வாயுவாகவே வெளியே போகும். வலைக்கு ஒன்றும் ஆகாது. சிலிக்காவோடு நிற்காமல் அலுமினா, ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் செய்து பார்த்தார் மனிதர்.

கிஸ்ட்லர் வழியில் ஆல்கஹாலை 240 டிகிரிக்குப் பக்கத்தில், பல பத்து வளிமண்டல அழுத்தத்தில் வைக்க வேண்டும். அது ஆபத்தான வேலை. 1984இல் ஸ்வீடனில் ஏரோஜெல் செய்த ஒரு ஆலையில் மெத்தனால் ஆவி கசிந்து கட்டடமே வெடித்துச் சிதறியது. அதன் பிறகு ஜெல்லில் இருக்கும் ஆல்கஹாலை முதலில் திரவ கார்பன் டை ஆக்சைடால் மாற்றிவிட்டு, அதை மாறுநிலைக்குக் கொண்டுபோகும் முறை பரவியது. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரியும் 73 வளிமண்டல அழுத்தமும் போதும். 31 டிகிரி என்றால் சித்திரை மாதத்தில் நம் பக்கம் காலை பத்து மணிக்கே வந்துவிடும். பெட்ரோல் பங்கில் தொங்குகிற கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டருக்குள் அந்த நேரத்தில் திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, தெரியுமா? வெயில் தாழ்ந்ததும் மறுபடி திரவமாகும்.

சரி, இப்போது கிடைத்த பொருளைப் பாருங்கள். கையில் எடுத்தால் எடை தெரியாது. கறுப்புத் துணிமேல் வைத்தால் வெளிர்நீலம், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மங்கலான மஞ்சள். வானம் பகலில் நீலமாகவும் அந்தியில் மஞ்சளாகவும் தெரிவதற்கு என்ன காரணமோ அதேதான், ரேலி ஒளிச்சிதறல். விரலால் தேய்த்தால் கீச்சென்று ஒலிக்கும், விரலில் உள்ள ஈரத்தை உறிஞ்சித் தோலை வறட்டிவிடும். கொஞ்சம் அழுத்தினால் விட்டுக்கொடுக்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பொடிப்பொடியாகிவிடும். தண்ணீரை விரட்டும் பூச்சு கொடுக்காத துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் அப்படியே குழிந்து போகும். கிஸ்ட்லர் தப்பித்த அதே இழுப்பு அங்கே திரும்ப வந்துவிடும்.

ஒரு கிராம் ஏரோஜெல்லின் உள்பரப்பை விரித்தால் 500 முதல் 1000 சதுர மீட்டர் வரை இருக்கும். துளைகளின் அளவு பெரும்பாலும் 50 நானோமீட்டருக்குள். இந்த 50 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை முட்டுவதற்கு முன் சராசரியாக 70 நானோமீட்டர் ஓடும். சூடான மூலக்கூறு குளிர்ந்த மூலக்கூறை முட்டித்தான் காற்றில் வெப்பம் நகர்கிறது. ஏரோஜெல்லின் துளையோ அந்த ஓட்டத்தைவிடச் சின்னது. ஆகவே மூலக்கூறு அடுத்த மூலக்கூறைச் சந்திப்பதற்கு முன் சுவரில் முட்டித் திரும்பிவிடும். சுவர் வழியாகவாவது வெப்பம் போகுமா என்றால், சுவர் அவ்வளவு மெல்லியது, வளைந்து நெளிந்து முட்டுச்சந்துகளாகப் போகிறது. விளைவு என்னவென்றால், அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.025, ஏரோஜெல்லுக்கு 0.015 அளவில்தான். தெர்மோகோல், கண்ணாடிக் கம்பளி எல்லாம் காற்றை அசையாமல் பிடித்து வைப்பவை, அதனால் காற்றைவிட நன்றாகத் தடுக்க அவற்றால் முடியாது. ஏரோஜெல் காற்றையே தோற்கடிக்கிறது.

விண்வெளியில் இது எங்கே உதவும்? எல்லா இடத்திலும் என்று நினைத்தால் தவறு. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு வெளியே வெற்றிடம். வெற்றிடத்தில் கடத்துவதற்கு வாயுவே கிடையாது, கதிர்வீச்சு ஒன்றைத்தான் தடுக்க வேண்டும். அதற்குப் பளபளக்கும் உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்காகப் போர்த்தினால் போதும். நம் செயற்கைக்கோள் படங்களில் தங்கநிறத்தில் கசங்கிய தாள் மாதிரி தெரிகிறதே, அதுதான். வெற்றிடத்தில் ஏரோஜெல்லால் அதை வெல்ல முடியாது.

செவ்வாய்க்குப் போனால் கதை மாறும். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆனாலும் காற்று இருக்கிறது. அந்தக் கொஞ்சம் காற்று தாள்களுக்கு நடுவே புகுந்து வெப்பத்தைக் கடத்தத் தொடங்கிவிடும், தாள் போர்வையின் பலன் சரிந்துவிடும். சாதாரணக் கம்பளியின் இடைவெளிகளிலும் அந்தக் காற்று தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஏரோஜெல்லின் துளைக்குள் மட்டும் அதன் பாச்சா பலிக்காது. காற்று மெலியும்போது மூலக்கூறுகளின் ஓட்டதூரம் நானோமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டர் கணக்குக்குப் போய்விடுகிறது, துளை அதே 50 நானோமீட்டர்தான். ஏரோஜெல்லுக்கென்றே அளவெடுத்துச் செய்த கிரகம் போல ஆகிவிட்டது செவ்வாய்.

1997 ஜூலை 4ஆம் தேதி அங்கே இறங்கிய சோஜர்னர் ஊர்தியில் மின்னணுப் பெட்டியைச் சுற்றி சிலிக்கா ஏரோஜெல் இருந்தது. 10 கிலோ சொச்சம்தான் மொத்த ஊர்தியே. 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டிலும் அப்படியே. வெளியே இரவில் மைனஸ் 100 டிகிரி வரை போகும், உள்ளே பேட்டரி மைனஸ் 20க்குக் கீழே போகக்கூடாது. இதைச் சமாளிக்க ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஒவ்வொன்றிலும் ஒரு வாட் வெப்பம் தரும் சின்ன புளுட்டோனியம் குமிழ்கள் எட்டு வைத்தார்கள். மொத்தமே எட்டு வாட்! வீட்டில் எரிகிற எல்.இ.டி பல்புக்கு ஆகிற சக்தி. மின்சூடேற்றியும், வேலை செய்யும் கருவிகளின் சூடும் கூட உண்டு என்றாலும், இவ்வளவு குறைந்த வெப்பத்தை விடியும்வரை உள்ளே பிடித்து வைத்ததில் தங்கப் பூச்சுச் சுவருக்கும் அதில் ஒட்டிய ஏரோஜெல்லுக்கும் பெரிய பங்கு உண்டு. 90 நாளுக்கென்று அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி 2018 ஜூன் வரை பேசிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த கியூரியாசிட்டி ஊர்தி கிட்டத்தட்ட ஒரு டன் எடை. அதன் அணுமின்கலமே ஏராளமான கழிவு வெப்பத்தைத் தருகிறது, அதைக் குழாயில் ஓடும் திரவத்தின் மூலம் உள்ளே கொண்டுவந்து சூடேற்றிக்கொள்கிறார்கள். வெப்பம் தாராளமாக இருக்கும்போது அதைக் கஞ்சத்தனமாகக் காக்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும். எதற்கும் ஏரோஜெல்தான் தீர்வு என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

வெப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலைதான் என்னைப் பொறுத்தவரை ஏரோஜெல் செய்ததிலேயே பெரியது. வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடித்து வருவது.

1999 பிப்ரவரியில் நாசா ஸ்டார்டஸ்ட் என்ற விண்கலத்தை அனுப்பியது. வைல்ட் 2 என்ற வால்நட்சத்திரத்தின் பக்கத்தில் போய், அதிலிருந்து தெறிக்கும் தூசியைப் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும். சிக்கல் வேகம். விண்கலத்தைப் பொறுத்தவரை அந்தத் தூசி நொடிக்கு 6.1 கிலோமீட்டரில் வரும், துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம். உலோகத் தகட்டில் மோதினால் அந்த இடத்திலேயே உருகி ஆவியாகிவிடும். பள்ளம்தான் மிஞ்சும். முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் ஒரே அடியில் நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். அதற்குத் தூசியைவிட மிக அடர்த்தி குறைந்த, ஆனால் திடமாக நிற்கிற ஒன்று வேண்டும். பிடித்த பிறகு தூசி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க அது ஒளி ஊடுருவக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றாக உள்ள பொருள் வேறு எது?

டென்னிஸ் மட்டை வடிவச் சட்டத்தில் 132 ஏரோஜெல் கட்டிகளைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் ஆழம். அதிலும் ஒரு நுணுக்கம்: கட்டியின் முகப்பில் அடர்த்தி மிகக் குறைவு, உள்ளே போகப்போகக் கூடும். தூசி முதலில் மென்மையான இடத்தில் நுழைந்து, கெட்டியான இடத்தில் நிற்கும். 2004 ஜனவரி 2ஆம் தேதி வால்நட்சத்திரத்துக்கு 240 கிலோமீட்டர் பக்கத்தில் கலம் கடந்து போனது. 2006 ஜனவரி 15ஆம் தேதி மாதிரிப் பெட்டி யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டில் இறங்கியது.

திறந்து பார்த்தால் கட்டிகளுக்குள் கேரட் வடிவத்தில் தடங்கள். வாய்ப்பக்கம் அகலம், போகப்போகக் கூர்மை, நுனியில் ஒரு துகள். பொலபொலவென்று வந்த துகள்கள் நுழைந்ததும் வெடித்துக் குடம் மாதிரி குழியாக்கி, அதன் அடியிலிருந்து பல வேர்களாகப் பிரிந்திருந்தன. தடத்தின் வடிவத்திலிருந்தே வந்தது கெட்டித் துகளா, உதிரித் துகளா என்று சொல்லிவிடலாம். துகளை வெளியே எடுப்பதற்கு மிக நுண்ணிய ஊசிகளைக் கணினியால் நகர்த்தி, தடத்தைச் சுற்றி ஆப்பு வடிவில் ஏரோஜெல்லோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள்.

கிடைத்த செய்தி யாரும் எதிர்பாராதது. வால்நட்சத்திரம் சூரியக் குடும்பத்தின் குளிர்ந்த விளிம்பில் உருவானது, அதில் பனியும் பழைய நட்சத்திரத் தூசியும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் ஆலிவின் போன்ற, ஆயிரம் டிகிரிக்கு மேலே உருவாகிற கனிமங்கள் கிடைத்தன. சூரியனுக்கு அருகில் வெந்த சரக்கு எப்படியோ அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2009இல் கிளைசின் என்ற அமினோ அமிலம் அந்த மாதிரியில் இருப்பதையும் அது பூமியில் ஒட்டிக்கொண்டது இல்லை என்பதையும் கார்பன் ஐசோடோப்பை வைத்து உறுதிசெய்தார்கள்.

ஜப்பான்காரர்கள் 2015 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே டான்போபோ என்ற பரிசோதனையில் இதே மாதிரி ஏரோஜெல் வைத்துத் தூசி பிடித்தார்கள். அதே நிலையத்தில் 2011 முதல் இயங்கும், விண்வெளியிலிருந்து வரும் துகள்களை அளக்கும் ஏ.எம்.எஸ்-02 கருவியிலும் ஏரோஜெல் இருக்கிறது, அது வேறு வேலைக்கு. அதன் ஒளிவிலகல் எண் 1.05. வாயுவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்படி ஒரு எண் வேறு திடப்பொருளில் கிடைப்பது அரிது. அதற்குள் ஒளி போகும் வேகமான நொடிக்குச் சுமார் 2.86 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும் மின்னேற்றத் துகள் மட்டும் அதில் நுழையும்போது செரன்கோவ் ஒளியை உமிழும், அந்த ஒளி வளையத்தின் அளவிலிருந்து துகளின் வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

இனி வரப்போவதில் எனக்குப் பிடித்தது 2019இல் வந்த ஒரு ஆய்வு. செவ்வாயின் தரையில் 2, 3 சென்டிமீட்டர் கனத்துக்குச் சிலிக்கா ஏரோஜெல்லை விரித்தால், வெளிச்சத்தை உள்ளே விட்டு, புற ஊதாக்கதிரைத் தடுத்து, வெப்பத்தைத் தக்கவைத்து, அடியில் தண்ணீர் உருகும் அளவுக்குச் சூடாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆய்வகத்தில் விளக்கொளியில் வெப்பநிலையை 50 டிகிரி அளவுக்குக் கூட்டியும் காட்டினார்கள். அடியில் பாசியோ செடியோ வளர்க்கலாம் என்பது யோசனை. தூசிப் புயலடிக்கிற இடத்தில் இவ்வளவு நொறுங்குகிற பொருளை எப்படி விரிப்பது என்பதுதான் என் சந்தேகம். சிலிக்காவின் நொறுங்கும் குணத்துக்கு மாற்றாக, வளைத்து மடிக்கக்கூடிய பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஏரோஜெல்லை நாசாவின் கிளென் மையத்தில் செய்திருக்கிறார்கள். ஆனால் அதில் சிலிக்காவின் தெளிவு கிடையாது.

தரையிலும் ராக்கெட்காரர்களுக்கு அதன் உபயோகம் உண்டு. காவல்கிணற்றுப் பக்கம் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கிறார்களே, அந்த மாதிரி எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் வேண்டும். அந்தக் குளிரில் குழாய் வெறுமனே இருந்தால் வெளிக்காற்றே அதன்மேல் திரவமாகிச் சொட்டும், ஆக்சிஜன் மிகுந்த சொட்டு, தீப்பிடிக்க வசதி. இந்த மாதிரிக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் சுற்றத்தான் கென்னடி விண்வெளி மையம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நாரில் ஏரோஜெல் நிரப்பிய போர்வையை உருவாக்கியது. இன்று எண்ணெய்க் குழாய்களிலும் எரிவாயுக் குழாய்களிலும் சுற்றுவது அந்த வம்சம்தான். வெட்டும்போது வெள்ளைத் தூள் பறக்கும், முகமூடி இல்லாமல் தொடக்கூடாது.

கடைசியாக உங்கள் லேப். முழு ஏரோஜெல் வேண்டாம். உயர் அழுத்தக் கலன் பள்ளிக்கூடத்தில் வைக்கிற பொருள் இல்லை. ஆனால் முதல் பாதியைத் தாராளமாகச் செய்யலாம். ஆசிரியர் கூட இருக்கும்போது, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கச் செய்து, கலக்கிக்கொண்டே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கட்டியாகும். ஒரு துண்டை வெட்டி எடுத்து ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு, தட்டில் வைத்துக் காற்றாடக் காயவிடுங்கள். மீதித் துண்டைத் தண்ணீரிலேயே போட்டு மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து, கன அளவு எத்தனை மடங்கு குறைந்தது என்று கணக்குப் போட்டு எனக்கு எழுதுங்கள்.